நாளைக்கு அடுப்பு எரியுமா?

மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் போதும், இல்லத்தரசிக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும்! அரிசி டின்னுக்குள் கையை விட்டால் படி தரையில் தட்டுகிறது. பால்காரருக்குக் கொடுக்க வேண்டும், மளிகைக் கடை நோட்டில் பாக்கி நிற்கிறது, சின்னவனுக்கு ஜுரம், பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டக் கடைசி நாள்... "கடவுள் பார்த்துக்குவார், நீ ஏன் கவலைப்படறே?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வதென்னவோ சுலபம்தான். ஆனால், நாளைக்கு இலையில் என்ன போடுவது என்று யோசிக்க வேண்டியவள் தாய் அல்லவா?

கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை பல மதங்களிலும் உண்டு. கிறிஸ்தவ மதத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்திலேயே 'அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைத் தா' என்ற வேண்டுதல் வருகிறது. கவனித்தீர்களா? ஒரு வருஷத்துக்கு வேண்டிய நெல்லைக் கேட்கவில்லை; இன்றைய சாப்பாட்டை மட்டும்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

இந்த நம்பிக்கையை நிஜ வாழ்க்கையில், அதுவும் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குச் சோறு போட வேண்டிய நிலையில், கடைப்பிடித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையைப் பார்த்தால் 'நம்பிக்கை' என்றால் என்ன, எது நம்பிக்கை இல்லை என்று நமக்கும் கொஞ்சம் பிடிபடும்.

வேதாகமத்துச் சமையலறைகள்

பைபிளில் ராஜாக்களும் யுத்தங்களும் மட்டும்தான் இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். சமையலறைகளும் இருக்கின்றன!

சாறிபாத் என்ற ஊரில் ஒரு விதவை. மழையில்லாமல் நாடே காய்ந்து கிடந்த காலம். அவளிடம் இருந்தது ஒரு கைப்பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான். விறகு பொறுக்கிக் கொண்டு போய், தனக்கும் மகனுக்கும் கடைசியாக ஓர் அடை சுட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சாவது என்று முடிவு செய்திருந்தாள். அந்த நேரம் பார்த்து எலியா தீர்க்கதரிசி வந்து, முதலில் தனக்கு ஓர் அடை சுட்டுத் தரும்படி கேட்டார். அவள் கொடுத்தாள். பஞ்சம் தீரும்வரை அந்த மாவும் எண்ணெயும் தீரவில்லை என்கிறது வேதாகமம்.

இன்னொரு விதவையின் கதை இதைவிடச் சுவாரஸ்யமானது. புருஷன் கடன் வைத்துவிட்டு இறந்துபோனான். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். வீட்டில் இருப்பது ஒரு குடம் எண்ணெய் மட்டும். எலிசா தீர்க்கதரிசி என்ன சொன்னார் தெரியுமா? அண்டை வீடுகளில் போய் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கி வா, கதவைச் சாத்திக்கொண்டு ஊற்று என்றார். அவள் ஊற்ற ஊற்ற எல்லாப் பாத்திரங்களும் நிறைந்தன. அந்த எண்ணெயை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள் என்று அனுப்பினார்.

வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் கேட்டவள் அவள். எண்ணெயை ஊற்றியவளும் அவள். விற்றுக் கடன் அடைத்தவளும் அவளேதான். அற்புதம் நடந்தது என்பதற்காக அவள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

சேமித்து வைத்து வீணாக்கிய கதையும் உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேல் மக்களுக்கு வானத்திலிருந்து 'மன்னா' என்ற உணவு கிடைத்தது. அந்தந்த நாளுக்கு வேண்டியதை அன்றன்றைக்கே பொறுக்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று பயந்து எடுத்து வைத்தவர்களுக்கு அது புழு பிடித்து நாறிப்போயிற்று. ஓய்வு நாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு எடுத்து வைக்கலாம், அது கெடவில்லை. ஆக, திட்டம் போட்டு எடுத்து வைப்பது தப்பில்லை. பயத்தில் பதுக்குவதுதான் தப்பு!

சம்பளம் வேண்டாம் என்ற போதகர்

இனி, சரித்திரத்துக்கு வருவோம். ஜார்ஜ் முல்லர் என்ற பெயரைக் கிறிஸ்தவ வீடுகளில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1805-ல் ஜெர்மனியின் பிரஷ்யா நாட்டில் பிறந்தவர். சின்ன வயதில் இவர் நல்ல பிள்ளையாக இல்லை. அப்பாவின் பணத்தையே திருடியவர். விடுதிகளில் தங்கிவிட்டுப் பணம் கொடுக்காமல் நழுவியதற்காகப் பதினாறாம் வயதில் சில வாரங்கள் சிறையில்கூட இருந்தவர்! ஹாலே நகரில் படித்துக்கொண்டிருந்தபோது 1825-ல், ஒரு வீட்டில் நடந்த சின்ன ஜெபக் கூட்டம் அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

இந்த ஹாலே நகரம் நமக்கும் வேண்டிய ஊர்தான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினாரே சீகன்பால்கு, அவர் படித்ததும் அங்கேதான். அங்கே பிராங்கே என்பவர் தொடங்கிய அநாதை இல்லம் ஒன்று இருந்தது. அதுதான் பிற்காலத்தில் முல்லருக்கு முன்மாதிரியாக அமைந்தது.

1829-ல் முல்லர் இங்கிலாந்துக்குப் போனார். அடுத்த வருஷம் ஒரு சிறு சபைக்குப் போதகரானார். அந்தக் காலத்தில் சபையில் இருக்கைக்கு வாடகை வசூலிப்பார்கள். அதிலிருந்துதான் போதகருக்குச் சம்பளம். பணக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு மூலை! இது முல்லருக்குப் பிடிக்கவில்லை. சம்பளமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோயிலில் ஒரு பெட்டி வைத்தார். விருப்பமுள்ளவர்கள் போடலாம். தன் தேவையைக் கடவுளிடம் தவிர யாரிடமும் சொல்வதில்லை என்றும், கடன் வாங்குவதில்லை என்றும் தீர்மானித்தார்.

இதில் பெண்களாகிய நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த முடிவு எடுத்தபோது அவருக்குக் கல்யாணமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன! புது மனைவி மேரி என்ன சொல்லியிருப்பாள்? 'ஐயோ, இவரை நம்பி வந்தேனே' என்று மூட்டை கட்டியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மேரி சம்மதித்தார். அடுத்த மாதமே கையில் எட்டு ஷில்லிங்தான் மிச்சம் என்ற நிலை வந்தது. இருவருமாக ஜெபித்தார்கள். அப்போது சபைப் பெண்மணி ஒருவர், பணம் ஏதும் தேவையா என்று தானாகவே கேட்டார். முல்லர் தன் தீர்மானத்தைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை. இரண்டு கினி நாணயங்களைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பக்கத்து வீட்டில் இருந்த பணம்

பிரிஸ்டல் நகரில் முல்லர் தம்பதியர் 1836-ல் முப்பது பெண் குழந்தைகளுக்காக ஓர் அநாதை இல்லம் தொடங்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை! வீடு வேண்டும், பணம் வேண்டும், வேலையாட்கள் வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஜெபித்திருந்தார் முல்லர். குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளக் குறித்த நாளில் காத்திருந்தார், காத்திருந்தார்... ஒருவர்கூட வரவில்லை! குழந்தைகள் வேண்டும் என்று ஜெபிக்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்ததாம்.

இல்லத்துக்கு வந்த முதல் நன்கொடைகளில் ஒன்று, ஊசி வேலை செய்து வாரத்துக்குச் சில ஷில்லிங் சம்பாதித்த நோயாளிப் பெண் ஒருவர் கொடுத்த 100 பவுன். அவருக்கு எதிர்பாராமல் சொத்து வந்திருந்தது. முல்லர் அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. அவசரப்பட்டு, பின்னால் வருத்தப்படக்கூடாதே என்று அவரிடம் நன்றாகப் பேசித் தெரிந்துகொண்ட பிறகே வாங்கினார். காணிக்கை கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது!

1838-ல் சோதனைக் காலம் வந்தது. அப்போது இல்லங்கள் மூன்றாகியிருந்தன. குழந்தைகள் கிட்டத்தட்ட நூறு பேர். கையிருப்பு தீர்ந்துவிட்டது. வேலை செய்தவர்கள் தங்கள் சொந்தக் காசைக்கூடப் போட்டார்கள். செப்டம்பர் மாதம் ஒரு நாள், அன்றைய செலவுக்கே வழியில்லாமல் இருந்தபோது, லண்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் மூன்று பவுன் சொச்சம் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மகள் கொடுத்தனுப்பிய பணம் அது. விசாரித்தால், அந்த அம்மாள் நாலைந்து நாட்களுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டாராம். தங்கியிருந்தது எங்கே தெரியுமா? ஆண் குழந்தைகள் இல்லத்துக்குப் பக்கத்து வீட்டில்!

அத்தனை நாளும் இவர்கள் இங்கே கவலையோடு ஜெபித்துக்கொண்டிருக்க, பணம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. முதலிலிருந்தே தங்களுக்கு உதவி செய்யக் கடவுளுக்கு மனமிருந்தது என்பதற்கு அடையாளமாக முல்லர் இதை எடுத்துக்கொண்டார். நமக்கோ இன்னொன்றும் தோன்றுகிறது. நம் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா? கொடுக்க நினைத்து நாம் கைப்பையிலேயே வைத்திருக்கிறோமா?

மேரியின் கணக்கு நோட்டு

முல்லர் வெறுமனே முழங்காலில் நின்றார், மற்றதெல்லாம் தானாக நடந்தது என்று நினைத்தால் அது தவறு. வந்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்தார். வருஷா வருஷம் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். ஒரு தடவை கையில் பணமே இல்லாத சமயத்தில் வருடாந்தரக் கூட்டம் வந்தது. நிலைமையைச் சொன்னால் மறைமுகமாகப் பணம் கேட்டது போலாகிவிடுமே என்று கூட்டத்தையே தள்ளிவைத்தார்!

வீட்டு நிர்வாகம் மேரியின் கையில். துணியின் தரத்தை நன்றாக அறிந்தவர் அவர். குழந்தைகளின் உடைக்கும் படுக்கைக்குமான துணிகளை அவரே பார்த்துத் தேர்ந்தெடுப்பார். மாதா மாதம் இல்லத்துப் பொறுப்பாளர்களின் கணக்குப் புத்தகங்களையும், கடை ரசீதுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். கடவுள் தருவார் என்று உறுதியாக நம்பிய அதே அம்மாள்தான் ஒரு பென்னி பிசகினாலும் விடமாட்டார்! தந்தவருக்குக் கணக்குச் சொல்வதும் பக்திதான் என்பது அவர்கள் எண்ணம்.

1857-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் வெந்நீர் பாய்லர் ஒழுக ஆரம்பித்தது. முன்னூறு குழந்தைகள் இருந்த பெரிய கட்டடம் அது. நெருப்பை அணைத்தால்தான் ரிப்பேர் பார்க்க முடியும். வெளியே எலும்பை ஊடுருவும் வாடைக் காற்று! வேலைக்கு நாள் குறித்துவிட்டு, தென்றல் வீச வேண்டும், வேலையாட்களுக்கு உற்சாகம் வேண்டும் என்று இரண்டு வேண்டுதல்கள் செய்தார் முல்லர். முந்தின நாள் மாலைவரை வாடைதான் அடித்தது. குறித்த நாளில் தெற்கிலிருந்து காற்று வீசியது. வேலையாட்கள், ராத்திரி முழுக்க வேலை செய்கிறோம் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். ஜெபம் செய்தார் என்பது சரி. ஆனால் பாய்லர் ரிப்பேருக்கு ஆளை வரவழைத்துவிட்டுத்தான் செய்தார்!

1870-ல் ஐந்து பெரிய கட்டடங்களில் 2,050 குழந்தைகளுக்கு இடமிருந்தது. அதே வருஷம் பிப்ரவரியில் மேரி காலமானார். 1898-ல் முல்லர் தமது 92-ஆம் வயதில் இறந்தபோது, அந்த இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் ஏறக்குறைய 10,000 பேர். அவர் கை வழியாகச் சென்ற பணம் சுமார் 15 லட்சம் பவுன். அவர் தமக்கென்று விட்டுப்போனதோ, தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்து 200 பவுனுக்கும் குறைவு!

நம் நாட்டிலும்...

மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு சேர்ந்து பழகியவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867). அவரும் மிஷன் சம்பளம் எதுவும் வேண்டாம் என்று, கிறிஸ்தவப்பேட்டையில் விசுவாசத்தை நம்பியே ஊழியம் செய்தவர்.

பண்டித ரமாபாய் முல்லரின் அனுபவ நூலைப் படித்து உருகியவர். 1896-97 பஞ்சத்தில் தவித்த நூற்றுக்கணக்கான பெண்களை அழைத்துவந்து, புனே அருகே கேட்காவில் 'முக்தி' இல்லத்தில் காப்பாற்றினார். அங்கே ஜெபமும் இருந்தது. வெட்டிய கிணறுகளும், உழுத நிலமும், தறியும், அச்சுக்கூடமும் இருந்தன.

அயர்லாந்திலிருந்து வந்து, நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் 1901-ல் ஒரு சிறுமி அடைக்கலம் தேடி வந்தாள். ஒன்று பத்தாகி, பத்து நூறாகியது. அவரும் பணத்துக்காக மனிதர்களிடம் கை நீட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். குழந்தைகளுக்கு அவர் 'அம்மா'தான்.

மிஸோரம் பெண்கள் செய்ததைக் கேளுங்கள். சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைச் சேர்த்துச் சபைக்குக் கொடுக்கும் பழக்கத்தை 1910-ல் தொடங்கினார்கள். இன்றும் தொடர்கிறது. சாறிபாத் விதவையின் கைப்பிடி மாவுக்கு இது தங்கச்சி முறை ஆகாதா?

கேட்டது கிடைக்காதபோது?

இங்கேதான் மனசு அடித்துக்கொள்ளும். "நானும்தான் ஜெபிச்சேன், எனக்கு ஏன் கிடைக்கலே?" என்று கேட்காத தாய் உண்டா?

முல்லர் தம்பதியருக்கு எலியா என்று ஒரு மகன் இருந்தான். 1835-ல் சுவாச நோயில், ஒன்றேகால் வயதில் இறந்துபோனான். ஆயிரமாயிரம் குழந்தைகளுக்குப் பால் கிடைக்க ஜெபித்த வீட்டில், சொந்தத் தொட்டில் காலியாயிற்று. அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? டோனாவூர் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து காயப்பட்டார். அதற்குப் பின் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்.

அம்மையார் சிறுமியாக இருந்தபோது, தன் பழுப்புக் கண்கள் நீலமாக வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துவிட்டுத் தூங்கினாராம். காலையில் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்பு! 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான் என்று அவர் அப்போதே கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். நம் ஊர்ப் பெண்கள் நடுவே வாழ அந்தப் பழுப்புக் கண்களே பிற்பாடு அவருக்கு உதவின. எல்லா 'இல்லை'க்கும் இப்படி விளக்கம் கிடைப்பதில்லை. விளக்கம் கிடைக்காதபோதும் கையை விடாதிருப்பதைத்தான் கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்கிறார்கள்.

நம்பிக்கையின் பெயரால்...

சில விஷயங்களை உடைத்துச் சொல்லத்தான் வேண்டும். உடம்பில் தெம்பிருந்தும் வேலைக்குப் போகாமல் "ஆண்டவர் கொடுப்பார்" என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் புருஷனுக்கு வேதாகமம் சாதகமாக இல்லை. பவுல் அப்போஸ்தலரே கூடாரம் தைத்துப் பிழைத்தவர். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பாட்டையும் எதிர்பார்க்கக்கூடாது என்று கறாராக எழுதியவர்!

குழந்தைக்கு ஜுரம் அடித்தால் ஜெபியுங்கள், தாமதிக்காமல் டாக்டரிடமும் காட்டுங்கள். ஒன்று இன்னொன்றுக்கு விரோதமில்லை. "இவ்வளவு காணிக்கை போடு, பத்து மடங்காகத் திரும்பி வரும்" என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். தாலியை அடகு வைத்துக் கொடுக்கச் சொல்லும் விசுவாசம் முல்லருடையது அல்ல. வீட்டில் கஷ்டம் வந்தால் "உனக்கு விசுவாசம் குறைவு" என்று மருமகள் தலையில் பழி போடுவதும் நியாயமில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

1. ராத்திரி படுக்குமுன் இன்றைக்கு வந்ததையும் போனதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எதிர்பாராமல் கிடைத்த உதவியையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த முருங்கைக்காயும் கணக்கில் வரட்டும்! ஆறு மாதம் கழித்துப் படித்தால் மலைத்துப்போவீர்கள்.

2. புதுக் கடன் வாங்குமுன் ஓர் இரவு பொறுங்கள். இது தேவையா, ஆசையா என்று கணவரோடு பேசுங்கள். முடிந்த மாதங்களில் பழைய பாக்கியை முதலில் குறையுங்கள்.

3. சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் உங்களைவிடக் கஷ்டப்படுகிறவளுக்கு அது போகட்டும்.

4. கஷ்டத்தைக் குழந்தைகளிடம் முழுக்க மறைக்க வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். "இன்னிக்குக் கஞ்சிதான் கண்ணு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சிரித்தபடி சொல்லுங்கள். அம்மாவின் முகத்திலிருந்துதான் பிள்ளை தைரியத்தைக் கற்கிறது.

5. முல்லர் யாரிடமும் கேட்காதது அவர் தமக்கென்று செய்துகொண்ட தீர்மானம், எல்லாருக்கும் சட்டமல்ல. பாத்திரம் கேட்டு அண்டை வீட்டுக்குப் போன விதவையையும் கடவுள் கைவிடவில்லை. தேவைப்பட்டால் நம்பிக்கையானவரிடம் வாய் திறந்து கேளுங்கள், வெட்கமில்லை.

இயேசு மலைப்பிரசங்கத்தில் ஆகாயத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்னார். அவற்றுக்குக் களஞ்சியம் இல்லை. ஆனாலும் பரமபிதா அவற்றைப் போஷிக்கிறார் என்றார். பறவையை நாமும் தினமும்தான் பார்க்கிறோம். விடிந்ததும் கூட்டைவிட்டுக் கிளம்பி, பொழுதெல்லாம் அலைந்து, குஞ்சுக்கு இரையோடு திரும்புகிறது. டோனாவூரில் ஏமி அம்மையாரை அடக்கம் செய்த இடத்தில் பெரிய கல்லறை ஏதும் இல்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது, அவ்வளவுதான். அலைந்து களைத்து வருகிற பறவைக்குக் கொஞ்சம் தண்ணீர் வைக்கிற கை நம்முடையதாகவும் இருக்கலாமே!